பெண் கேட்க வந்தவர் உங்கள் நடிகரா, பையனின் அப்பாவா?

மணிலாவில் அமர்ந்து நாடெங்கும் உள்ள வீடுகளில் சண்டை மூட்டும் பெருமதிப்பிற்குரிய எழுத்தாளர் அம்மையார் லியோனிசா படிலியா அவர்களுக்கு,

இலோயிலோவிலிருந்து கிறிசான்டோ மகலோனா, ஊரார் வாயில் சாந்தோ, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் சேவல்களும் நலம். தங்கள் கையும் கண்ணும் நலமாயிருக்க வேண்டி ஞாயிறு பூசையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பெரிய மெழுகுவர்த்தி.

நான் சாதாரண ரசிகன் இல்லை, அம்மையாரே. தங்கள் 'படத்தில் இருப்பவன்' தொடரில் கதை அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று விளம்பர இடைவேளையில் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள். நாலாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் இனி இவனுக்குச் சொல்லித்தர எங்களிடம் ஒன்றுமில்லை என்று வாத்தியாரே வாசல்வரை வந்து வழியனுப்பினார். பிறகு ஒரு சரக்குக் கப்பலை ஏறக்குறைய நானே ஓட்டினேன், சமையலறையில் இருந்தபடி. அதனால்தான், அடுத்தவன் படத்தை இணையத்தில் ஒட்டிக்கொண்டு, கப்பல் இன்ஜினியர் என்று சொல்லி ஒரு நர்ஸைக் காதலித்தானே தங்கள் ரொடெல், அவனை முதல் நாளே பிடித்துவிட்டேன். நகத்தில் கறை இல்லாத இன்ஜினியர் எந்தக் கடலிலும் கிடையாது.

இப்போது என் வீட்டு விஷயம். என் தங்கை ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவள் மகள் ரோவெனா என் பொறுப்பு. மருந்துக்கடையில் நிற்கிறாள்; மாநிலத்திலேயே அவளைப் போல மாத்திரை எண்ணிக் கொடுக்க ஆளில்லை. அவள் கைபேசி வழியாக ஒரு பையனைக் கண்டுபிடித்தாள். பெயர் ஜெஸ்ரில், எதிரே கிமாராஸ் தீவில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறான். படகுத்துறையில் நானே போய்ப் பார்த்தேன், நகமெல்லாம் கறை. சரி, பெற்றோரோடு முறைப்படி வந்து பெண் கேட்கட்டும் என்றேன். தங்கையும் அண்ணன் என்ற மரியாதையோடு, "மனோங், அவன் குடும்பம் நல்ல குடும்பம்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும், எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே பெண்ணின் வாழ்க்கை என் ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்பதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

போன சனிக்கிழமை வந்தார்கள். பொரித்த பன்றி, சேமியா, ஒரு கூடை மாம்பழம் எல்லாம் முறைப்படி வந்தன. பையனின் அம்மா மட்டும் வரவில்லை, காய்ச்சலாம். தங்கையின் முகத்தைக் கைபேசியில் வரவழைத்துச் சோற்றுப் பானை மேல் சாய்த்து வைத்தோம். பையனின் அப்பா அர்தேமியோ எழுந்து, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "என் பையன் ஏழைதாங்க. ஆனா உங்க பொண்ணு தூங்குற வரைக்கும் அவன் முழிச்சிருப்பான்" என்றார். சொல்லிமுடித்ததும் இடது கண்ணிலிருந்து மட்டும் ஒரு சொட்டு, கன்னம்வரை வந்து நின்றது. எனக்குத் தலைமுடி நட்டுக்கொண்டது. அம்மையாரே, ரொடெல் பயல் நர்ஸ் வீட்டுக்குப் பெண் கேட்கப் போகும்போது வாடகைக்கு ஒரு அப்பாவைப் பிடித்துக் கூட்டிப்போனானே, அதே ஆள். அதே தொப்பி, அதே வசனம், அதே கண். ரொடெலின் அம்மாவுக்கும் அன்றைக்குக் காய்ச்சல்தான். நான் வாய் திறக்குமுன் பானை மேலிருந்து தங்கை, "மனோங், அந்த டிவி ஆளு" என்றாள்.

அவர் மறுக்கவே இல்லை. அவர்கள் தீவில் மாந்தோப்பில் படம்பிடிக்க வந்தபோது தங்கள் ஆட்கள் வயதான முகம் ஒன்று வேண்டுமென்று இவரை நிறுத்தினார்களாம். "அப்ப இங்க எதுக்கு அதே பேச்சு?" என்றேன். "எனக்குச் சபையில பேச வராதுங்க. மனப்பாடமா இருக்குறது அது ஒண்ணுதான்" என்றார் பரிதாபமாக. நடிகன் என்றால் வேறு எப்படிச் சொல்வான்? பையன் ஞானஸ்நானச் சீட்டை நீட்டினான்; தங்கள் ரொடெலும் நீட்டினான். சாடை பார்க்கலாமென்றால் காது ஒன்றுபோல் இருந்தது; ரொடெலுக்கும் வாடகை அப்பாவுக்கும் காது ஒன்றுபோல் இருந்ததை நான்தான் தெருவுக்கே சுட்டிக்காட்டியிருந்தேன். மகன் பிறந்தபோது மனசு எப்படியிருந்தது என்று கேட்டுப்பார்த்தேன். மறுபடியும் இடது கண். "வலது கண்ணுல அழுங்க பாக்கலாம்" என்றேன். பாவம், முயற்சி செய்தார். முகம் மொத்தமும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதே தவிர ஈரம் வரவில்லை.

"தியோ, அவர் கண்ண விடுங்க. நான் கட்டிக்கப்போறது ஜெஸ்ரில" என்றாள் ரோவெனா. தியோ என்றால் மாமா; கோபத்திலும் மரியாதையை விடவில்லை. "அப்பாவையே வாடகைக்குப் புடிக்கிறவன் வேற எதத்தான் புடிக்கமாட்டான்" என்றது பானை. கொண்டுவந்த சாப்பாட்டில் கைவைத்தால் சம்மதம் என்று ஆகிவிடும் என்பதால் பன்றியை வாழையிலையால் மூடச் சொன்னேன். விசாரணைக்காக நான் மட்டும் ஒரு காதைத் தின்றுபார்த்தேன். நல்ல பன்றி. அவர்கள் தலைகுனிந்து படகுக்குப் போனார்கள். ரோவெனா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

தங்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பேன்? அவரை வேலைக்கு எடுத்தவர்களுக்கு உண்மை தெரிந்திருக்கும். அவர் ஜெஸ்ரிலின் அப்பாதானா? ஒற்றைக் கண்ணில் அழுவதைத் தாங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா, அல்லது அவர் பிறவியிலேயே அப்படியா? இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. நிஜமான அப்பன் தான் நிஜமென்று எப்படித்தான் காட்டுவான்? காலையில் முகம் மழிக்கும்போது, ரோவெனாவின் மாமன் நான்தான் என்று கண்ணாடிக்கு நிரூபித்துப் பார்த்தேன். என் முகத்தை எனக்கே நம்பமுடியவில்லை. யோசிக்க யோசிக்க ஆச்சரியமாக இருக்கிறது. பதில் வரும்வரை என் ஒரு வார்த்தையை நிறுத்தி வைத்திருக்கிறேன். பெண்ணின் காப்பி நாளுக்கு நாள் ஆறிக்கொண்டே வருகிறது என்பதையும் கருதவும்.

தங்கள் பேனாவில் மை வற்றாமல், வீட்டில் அரிசி வற்றாமல் இருக்க எல்லாப் புனிதர்களும் முறைவைத்துக் காவல் காக்கட்டும்.

பணிவுடன்,
கிறிசான்டோ மகலோனா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பையனின் அம்மா வந்துவிட்டார். பெயர் பிரிமிதிவா. காய்ச்சல் விட்ட கையோடு, புருஷனையும் மகனையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் நடுவீட்டில் நின்று அர்தேமியோவைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா, மருமகளா வரப்போற பொண்ணு முன்னாடியா அந்த டிவி பேச்ச எடுத்துவிட்ட? எங்கப்பன்கிட்ட என்னக் கேக்க வந்தப்ப வாயே தொறக்காம மரமாட்டம் நின்னியே, அப்படியே நின்னிருந்தா இந்நேரம் கல்யாணம் முடிஞ்சிருக்கும்." அங்கே ஆரம்பித்து, ஒழுகும் கூரை, விற்ற எருமை, அவருடைய அக்கா என்று வளர்ந்துகொண்டே போனது. அந்த மனிதர் செருப்பைப் பார்த்தபடி நின்றார். கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த தங்கை, "மனோங், இது புருஷன் பொண்டாட்டிதான். இப்படித் திட்டு வாங்க எந்த நடிகனும் சம்மதிக்கமாட்டான்" என்றாள். நான் என் ஒரு வார்த்தையைச் சொன்னேன். ரோவெனா பிரிமிதிவாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எனக்கும் கொடுத்தாள். ஊர்த் திருவிழாபோல் வீடெல்லாம் சத்தம். டிசம்பரில் திருமணம்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் வேண்டாம், கிழித்துவிடவும். ஒரு சின்ன விஷயம் மட்டும். அடுத்த மாதம் தங்கள் ஆட்கள் தீவில் சாவுவீட்டுக் காட்சி எடுக்கிறார்களாம், பிணமாகப் படுக்க ஆள் வேண்டுமென்று அர்தேமியோ சொன்னார். நான் வருகிறேன். மூச்சு அடக்குவதில் என்னைப்போல் கப்பலிலேயே ஆளில்லை. தாங்களே கடிதம் போட்டு என்னைத்தான் வேண்டும் என்று அழைத்ததாகத் தெருவில் சொல்லியிருக்கிறேன். யாராவது தொலைபேசியில் விசாரித்தால் ஆமாம் என்று சொல்லிவிடவும்.