உயிரைக் கொடுத்துத் தடுத்த பந்து

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் 'கீழ்த்திசைக் கொடி' பத்திரிகை ஆபீஸ் பக்கம் சாவு மேளம் கேட்டது. உள்ளே நிருபர் காஜா மொய்தீன் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். யாரோ பாவம் போய்விட்டார்கள், ஊர்வலம் இந்த வழியாகப் போகிறது என்று நினைத்தார். ஊர்வலம் போகவில்லை. ஆபீஸ் வாசலிலேயே நின்றது.

எட்டிப் பார்த்தால் பத்துப் பதினைந்து பேர். முன்னால் தப்படிக்கிறவர்கள் இரண்டு பேர். பின்னால் தலைவிரி கோலமாக ஒரு பெண். அவள் பக்கத்தில், ஆளுயர ரோஜா மாலையைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு பெரியவர். அவர் கையில் அன்றைய 'கொடி'.

"இதை எழுதினது யாரு? பொணம் எங்கே இருக்குன்னு சொல்லுங்க தம்பி. எடுத்துக்கிட்டுப் போயிடறோம்."

பெரியவர் பெயர் சுப்பையா. அக்கரைப் பாகான் டாலாமிலிருந்து முதல் படகில் வந்திருந்தார்கள். அழுதுகொண்டிருந்தவள் அவருடைய அண்ணன் மகள் லெட்சுமி, கோல்கீப்பர் நல்லமுத்துவின் மனைவி.

நல்லமுத்து யார் என்று பினாங்கில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். வாரம் முழுக்க பிறை ரயில்வேயில் கரி அள்ளுவார். சனிக்கிழமை மாலை இந்தியர் குழுவுக்காகக் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றுவிட்டால், துரைமார்கள்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார்கள். நேற்றுப் பட்டாளத்துக் குழுவோடு கோப்பைக்கான கடைசி ஆட்டம்.

சுப்பையா பத்திரிகையை நீட்டி, விரலை வைத்துக் காட்டினார். அச்சில் இப்படி இருந்தது: 'கடைசி நிமிடத்தில் பாய்ந்து வந்த பந்தை நமது நல்லமுத்து உயிரைக் கொடுத்துத் தடுத்தார். இனி இப்படியொரு வீரரை எந்நாளில் காண்போம்? அவர் புகழ் என்றும் மங்காது.'

ராத்திரி கடைசிப் படகில் நல்லமுத்து வீடு வந்து சேரவில்லையாம். கல்யாணமான நாளாக இப்படி நடந்ததே இல்லையாம். விடிந்ததும் சலூன்காரர் பத்திரிகையை உரக்கப் படித்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்து வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். பத்தாம் நாள் செய்ய வேண்டியதை அத்தைக்காரி ஒருத்தி அரை மணி நேரத்திலேயே செய்து, லெட்சுமியின் கண்ணாடி வளையல்களை உடைத்தும் விட்டாள்.

காஜா மொய்தீனுக்கு மூச்சு சீரானது. இவ்வளவுதானா? அது பேச்சுக்கு எழுதுகிற வார்த்தை, நல்லமுத்து கல் மாதிரி இருப்பார், கவலைப்படாதீர்கள் என்றார்.

"கொடுத்துட்டாருன்னு போட்டிருக்கீங்க," என்றார் சுப்பையா. "கொடுத்துட்டுத் திரும்பவும் வாங்கிக்கிட்டாரா?"

இந்த இடத்தில் காஜா மொய்தீனின் ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். ராத்திரி மெயில் ரயிலுக்குப் பத்திரிகைக் கட்டு ஆறு மணிப் படகில் பிறைக்குப் போயாக வேண்டும். ஆட்டமோ ஐந்து மணிக்குத்தான் தொடங்கும். ஆனாலும் ஆட்டச் செய்தி அந்தக் கட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஆசிரியர் அப்துல் அஜீஸ் கட்டளை போட்டிருந்தார். எப்படி என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நாலு மணிக்கே தேநீர்க் கடையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுவார். யார் ஜெயித்தார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. அது திங்கட்கிழமை பொடி எழுத்தில் வரும். மற்றபடி காற்று வீசும், கூட்டம் ஆர்ப்பரிக்கும், நல்லமுத்து உயிரைக் கொடுப்பார். மூன்று வருஷமாக வாரம் தவறாமல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அதற்காக யாரும் மாலை வாங்கி வந்ததில்லை.

நேற்றும் எழுதிக் கொடுத்த கையோடு கெலுகோரில் மச்சான் வீட்டு விருந்துக்குப் போய்விட்டார். ஆட்டம் என்ன ஆனது என்பதே தெரியாது. பத்து மணிக்கு ஆசிரியர் வந்துவிடுவார். வாசலில் இந்தக் கூட்டத்தைப் பார்த்து நாலு கேள்வி கேட்டால் வேலை போய்விடும். வீட்டில் ஐந்து பிள்ளைகள்.

லெட்சுமி தலையை நிமிர்த்தினாள். "நீங்க கண்ணாலே பார்த்தீங்களா அண்ணே?"

"பார்த்தேன் தங்கச்சி," என்றார் காஜா மொய்தீன். "ஆட்டம் முடிஞ்சு சிரிச்சுக்கிட்டே போனாரு."

"அப்புறம் ஏன் வீட்டுக்கு வரலை?"

தன்னோடு சாப்பிட வந்ததால் படகு தவறிவிட்டது என்றார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். நாசி கண்டார் சோறு, ஆட்டுக் கறி என்று நாக்கில் வந்ததைச் சொன்னார். லெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

"சனிக்கிழமை அவரு கவிச்சி தொட மாட்டாரே."

கறியை ஒதுக்கிவிட்டு வெறும் சோறுதான் சாப்பிட்டார் என்று காஜா மொய்தீன் கறியைப் பின்வாங்கிக்கொண்டார். ஆனால் அழுகை நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகக் கோபம் வந்துவிட்டது. ராத்திரி எங்கே தூங்கினார், யார் வீட்டில் என்று அத்தைக்காரி குரலை உயர்த்தினாள். துக்கம் கேட்க வந்த வாய்கள் எல்லாம் நல்லமுத்துவின் ஒழுக்கத்தை அலச ஆரம்பித்தன. செத்துப் போனவரைத் திட்டுகிறவர் யாரும் இல்லை, திட்டுகிறார்கள் என்றால் நம்பிவிட்டார்கள் என்று காஜா மொய்தீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திடலோரக் கொட்டகையில்தான் படுத்திருப்பார், வாருங்கள் காட்டுகிறேன் என்று முன்னால் நடந்தார். ஆசிரியர் வருவதற்குள் கூட்டத்தை நகர்த்தினால் போதும் என்று இருந்தது.

லெட்சுமி நகரவில்லை. வெறும் கைகள் இரண்டையும் நீட்டினாள்.

"இந்தக் கையோட அவரு முன்னாலே எப்படிப் போய் நிப்பேன்?"

அந்தக் கைகளைப் பார்த்ததும் அவருக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வளையல்காரரை எழுப்பிக் கடையைத் திறக்க வைத்தார். சிவப்பும் பச்சையுமாகக் கைக்கு ஒரு டஜன். போட்டு முடித்ததும் லெட்சுமி கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள். "பாவம், ரொம்பத் திட்டாதீங்க சித்தப்பா. ஜெயிச்ச சந்தோஷத்துலே மறந்திருப்பாரு," என்றாள்.

அவ்வளவுதான், சுப்பையாவுக்கும் தெம்பு வந்துவிட்டது. தப்படிக்கிறவர்களைப் பார்த்து அடியை மாற்றச் சொன்னார். சாவு அடி கல்யாண அடியானது. இவ்வளவு பெரிய மாலையை வீணாக்க வேண்டாம், மாப்பிள்ளை கழுத்திலேயே போட்டுவிடலாம் என்றும் முடிவானது. மேளத்தைக் கேட்டுத் தெருவில் இருந்தவர்கள் என்னவென்று விசாரித்தார்கள். நல்லமுத்துவுக்கு மாலை என்று தெரிந்ததும் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள். நேற்று ஒன்றுக்குச் சைபர் என்று ஜெயித்த விஷயம் அவர்கள் சொல்லித்தான் காஜா மொய்தீனுக்கே தெரிந்தது. கடைசி நிமிடத்துப் பந்தை நெஞ்சில் வாங்கினாராமே என்று ஒருவர் கேட்டார். ஆமாம், கண்ணால் பார்த்தேன் என்றார். சொல்லிச் சொல்லி, நல்லமுத்து சிரித்துக்கொண்டே போனது அவர் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்திருந்தது.

திடலை அடைந்தபோது இருநூறு பேராவது இருப்பார்கள். கொட்டகை பூட்டியிருந்தது. படியில் திடல் காவல்காரர் வேலு உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். கூட்டத்தையும் மாலையையும் லெட்சுமியின் கைகளையும் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்தார்.

"நம்ம குழு செக்கரட்டரி முதல் படகுலேயே உங்க வீட்டுக்குப் போனாரே. பார்க்கலையா?" என்று சுப்பையாவைக் கேட்டார்.

இவர்கள் இந்தக் கரைக்கு வந்த நேரத்தில் அவர் அந்தக் கரைக்குப் போயிருக்கிறார். எதற்கு என்று சுப்பையா கேட்டார். வேலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பந்து நெஞ்சில் பட்ட பிறகும் நல்லமுத்து எழுந்து நின்றாராம். ஊதல் ஊதும்வரை நின்றாராம். எல்லாரும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, இந்தப் படியில் உட்கார்ந்து மூச்சு முட்டுகிறது என்றாராம். இரண்டு பேர் சேர்ந்து ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். வேலு சற்று முன்புதான் அங்கிருந்து திரும்பியிருக்கிறார்.

தப்பு நின்றுவிட்டது. லெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள். புது வளையல்கள் சுவரில் உரசின.

வேலு காஜா மொய்தீன் பக்கம் திரும்பி, மடியிலிருந்து அன்றைய 'கொடி'யை எடுத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"உயிரு போனது விடியக்காலை நாலு மணிக்குத்தான். ராத்திரி மெயில்லே போன பேப்பர்லே நீங்க எப்படிண்ணே எழுதினீங்க?"