நான் பார்த்து வாங்கிய ஜாக்கி

கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவரையே திருப்பிக் கேள்வி கேட்டு மடக்கக் கூடாது. அப்படி மிடுக்காகக் கேட்ட ஒரே ஒரு கேள்விக்காக இத்தனை வருஷமாக சொந்த வீட்டிலேயே கேலிக்கு ஆளாகிக்கொண்டிருப்பவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். பாடாலூரில் மெயின் ரோட்டை ஒட்டி என் அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. லாரியை மட்டுமே பார்த்து வந்த பட்டறைக்கு மெல்ல மெல்ல டாக்டர், ஆபீசர் கார்களும் வர ஆரம்பித்ததால் ஒரு டிராலி ஜாக்கி வாங்குவது என்று அப்பா முடிவு செய்தார். தரையில் உருட்டிக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் விட்டு, கைப்பிடியை அழுத்தி அழுத்திப் பம்ப் செய்தால் வண்டி மேலே எழும்பும். அதைத் தேர்ந்தெடுக்கத் துணைக்கு என்னைத் திருச்சிக்கு அழைத்துப் போனார். நான் அப்போதுதான் பெரம்பலூரில் டைப்ரைட்டிங் பாஸ் செய்திருந்தேன். (டைப்ரைட்டிங்குக்கும் ஜாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.)

கடையில் இரண்டு ஜாக்கிகள் காட்டினார்கள். ஒன்று மிதிபட்ட தவளை மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது. முன்பக்கம் சப்பை மூக்கு. இன்னொன்று சிவப்புப் பெயின்ட் அடித்து, தடித்த கழுத்தோடு, கோயில் காளை போல நிமிர்ந்து நின்றது. பார்த்ததுமே என் மனசு காளை பக்கம் போய்விட்டது.

கடைக்காரர் சப்பை மூக்கைத்தான் தள்ளிக்கொண்டு வந்தார். "இத எடுத்துக்குங்க. ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் ரொம்பத் தாழ்வா இருக்கும்ல, அதுக்கடியிலயும் போவும். மத்த காருக்கும் ஆவும்."

"செவப்பு எவ்வளவு ஒசரம் தூக்கும்?" என்றேன்.

"ஒசரத்த வுடுங்கம்மா. எவ்வளவு கீழ எறங்கணும்? ஜாக்கி வாங்குறப்ப அதத்தான் மொதல்ல பாக்கணும்."

நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டேன்: "ஏங்க, ஜாக்கிய எதுக்கு வாங்குறோம்? ஏத்தறதுக்கா, எறக்கறதுக்கா?"

அப்பாவின் மீசை பெருமையில் விரிந்தது. "பாடாலூருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எங்கங்க வரப்போவுது?" என்று அதற்கு மேல் ஒன்றையும் போட்டேன். கடைக்காரர் சிவப்புக்கு பில் எழுதினார். திரும்பி வரும்போது அப்பா இந்தக் கதையை கண்டக்டரிடம் சொன்னார். அதன்பிறகு பட்டறையில் நின்ற ஒவ்வொரு லாரி டிரைவரிடமும் சொன்னார்.

அந்த வருஷம் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர் தன் ஸ்கூட்டரைப் பற்றிப் பெருமையடித்தபோது, காபித் தட்டோடு நின்ற நான், "பிளக்குல கரி புடிச்சிருக்கு, வர்றப்பவே சத்தம் கேட்டுச்சு" என்று சொல்லித் தொலைத்தேன். காபி குடித்ததோடு சரி. இரண்டாவது வந்தவர் விஷயத்திலும் கிட்டத்தட்ட இதேதான், வண்டி மட்டும் வேறு. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் சிறுவாச்சூர் அம்மனிடம் போய், எனக்கு நல்ல வரன் வேண்டும் என்பதோடு கொஞ்சம் வாயடக்கமும் வேண்டும் என்று சேர்த்து வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.

மூன்றாவதாக வந்தது அரியலூர்க் குடும்பம். அம்மாவும் மகனும் மட்டும்தான். ராசேந்திரன் என்று பெயர், திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை. போட்டோ வந்தது. சொன்னால் என்ன, எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. பூஜை அறையில் வைத்திருந்த அந்தப் போட்டோவைப் பார்ப்பதற்காகவே ஒரு நாளைக்குப் பல தடவை சாமி கும்பிட்டேன். இந்த வரனும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

பெண் பார்க்க வருகிற அன்று காலையில் அம்மா என் தலையில் பூவை வைத்துக்கொண்டே கெஞ்சினாள். "இன்னிக்கு ஒரு நா மட்டும் வண்டியப் பத்தி வாயத் தொறக்காத தாயி."

"தொறக்கல" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கொள்ளு அறுப்புக் காலம் அது. செடிகளைக் கொண்டுவந்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் ஏறி ஏறிக் கூலியில்லாமல் அடித்துக் கொடுத்துவிடும். எங்கள் வீட்டுக்கு எதிரே ரோட்டோர மண்ணில் அஞ்சலை அக்கா தன் கொள்ளைப் பெரிய குவியலாகக் கொட்டி வைத்திருந்தாள், அடுத்து ரோட்டில் பரப்புவதற்கு.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சிப் பக்கமிருந்து ஒரு மஞ்சள் வண்டி வந்தது. ரெண்டே சீட்டு. கூரை என் இடுப்பு உயரம் இருந்தால் அதிகம். மாப்பிள்ளை, பெண் வீட்டாரை அசத்துவதற்காகத் தன் மேனேஜரின் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை இரவல் வாங்கி, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு வருகிறார்! எதிரே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவர் பயந்துபோய் இடது பக்கம் ஒடித்தார். வண்டி கொள்ளுக் குவியலின் மேல் ஏறி வயிற்றைப் பதித்து உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரங்கள் இரண்டும் சருகில் வழுக்கிச் சுற்றின.

அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "ஒண்ணும் கவலப்படாதீங்க மாப்ள! எம்பொண்ணு பாத்து வாங்குன ஜாக்கி இருக்கு!" என்று கத்திக்கொண்டு பட்டறைக்குள் ஓடினார். (அதற்குள் மாப்பிள்ளையாம். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.) கடகடவென்று ரோடு அதிரச் சிவப்புக் காளை உருண்டு வந்தது. வண்டிக்கு அடியில் விட்டார். போகவில்லை. மூக்கு இடித்தது. முன்னால் போய் விட்டார், இடித்தது. பக்கவாட்டில் விட்டார், இடித்தது. நாலு விரல் உயரம் அதிகம். மாப்பிள்ளையின் அம்மா சீட்டின் பள்ளத்துக்குள் சிக்கிக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல், கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் என்னால் ஜன்னலில் நிற்க முடியவில்லை. நான் வாங்கிய ஜாக்கி அல்லவா! பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு ரோட்டுக்கு வந்துவிட்டேன். "தள்ளுப்பா. வண்டி ஒசராட்டி என்ன, தரையத் தாழ்த்திக்கலாம்."

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணை வெட்டிப் பள்ளமாக்கி, ஜாக்கியை அதற்குள் இறக்கினேன். நுழைந்துவிட்டது. சரியான இடத்தில் முட்டுகிறதா என்று பார்க்கத் தரையில் படுத்தேன். அந்தப் பக்கம் இன்னொரு முகம் தரையோடு தெரிந்தது. போட்டோவில் பார்த்த அதே முகம், குறுக்குவாட்டில், நெற்றியில் கொள்ளுச் சருகோடு. எங்கள் பெண் பார்க்கும் வைபவம் அப்படித்தான் நடந்தது.

"வணக்கங்க" என்றார்.

"வணக்கம். அப்டியே பாத்துட்டே இருங்க, ஏத்தறேன்" என்று எழுந்து பம்ப் செய்தேன். நன்றாகத்தான் அழுத்தம் கொடுத்தது. இன்னும் பம்ப் செய்தேன். வியர்வையில் குங்குமம் கரைந்தது.

"ஏறுதா?"

இன்னும் நாலு அழுத்து அழுத்தினேன்.

"ஏறுதாங்க?"

"இல்லீங்க" என்று வண்டிக்கு அடியிலிருந்து மரியாதையாக ஒரு குரல் வந்தது. "ஜாக்கி எறங்குதுங்க."

கரிசல் மண். கோயில் காளை சக்கரத்தோடு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. வண்டி அசையவே இல்லை.

அப்போதாவது அப்பா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பதற்றத்தில் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை போலும். "அன்னிக்கே அந்தக் கடைக்காரரு கேட்டாருங்க, எவ்வளவு கீழ எறங்கணும்னு. இதுதான் அவரையே மடக்குச்சு, ஏத்தறதுக்கா எறக்கறதுக்கான்னு..." என்று முழுக்கதையையும் நடு ரோட்டில் நின்று சொல்லி முடித்தார். ஸ்போர்ட்ஸ் கார் எங்கே வரப்போகிறது என்று நான் கேட்டதைக்கூட விடவில்லை.

எனக்கு அந்தப் பள்ளத்திலேயே படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்றாவதும் போச்சு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

அதற்குள் அஞ்சலை அக்கா நாலைந்து பெண்களோடு வந்து சேர்ந்தாள். "யாரு வூட்டுக் கொள்ளு மேல யாரு காரு?" என்று ஆரம்பித்தவள், ஜாக்கியைப் பார்த்தாள், என் கோலத்தைப் பார்த்தாள். "ஜாக்கியும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஆளுக்கொரு பக்கம் புடிங்கடி!"

"என்னைய எறக்கி வுட்டுட்டுத் தூக்குங்க!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

"நீங்க குந்துங்கம்மா. கொள்ளு மூட்டைய வுடவா கனம்?"

அப்பாவும் மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து பிடித்தோம். வண்டி தீப்பெட்டி கணக்காகத்தான் இருந்தது. அப்படியே தூக்கி ரோட்டில் வைத்துவிட்டோம், உள்ளே அந்தம்மா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்க. அஞ்சலை அக்கா மாப்பிள்ளையிடம், "வந்தது வந்துட்டீங்க தம்பி, பரப்பி வுடுறேன், ஒரு நாலு தடவ ஏறி எறங்கிட்டுப் போங்க" என்று கேட்டுப் பார்த்தாள்.

வீட்டுக்குள் கேசரி ஆறிப்போயிருந்தது. கையில் மசியும் மண்ணுமாக நான் தூண் ஓரம் நின்றேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வழக்கமாகச் சொல்லும், 'ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்' என்ற வார்த்தைக்காக அப்பா தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

"லெட்டரெல்லாம் எதுக்குங்க?" என்றார் அந்தம்மா. "எம்புள்ள வாயே தொறக்க மாட்டான். இவன் அப்பா போனதுலருந்து எங்க வூட்டுல சிரிப்புச் சத்தமே இல்ல. நான் இப்படிச் சிரிச்சு எத்தன வருசமாச்சு. இந்தப் பொண்ணு வாயோட எங்க வூட்டுக்கு வரட்டும்."

அப்போது நான் அழுதேன். அம்மாவும் அழுதாள். மாப்பிள்ளை மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரே ஒரு விஷயம் கேட்டார். "சீரு எதுவும் வேணாங்க. அந்த ஜாக்கி மட்டும் குடுப்பீங்களா?"

குத்துவிளக்குக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே அந்தச் சிவப்பு ஜாக்கியும் மாலை போட்டுக்கொண்டு சீர்த்தட்டு வரிசையில் வந்தது. இப்போதும் வீட்டில் இருக்கிறது, கூடத்தின் நடுவே, வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் இடித்துக்கொள்கிற மாதிரி. கல்யாணமான புதிதில் ஒரு நாள் மானம் போகிறதே என்று அதைக் கட்டிலுக்கடியில் தள்ளி ஒளித்து வைக்கப் பார்த்தேன். நுழையவில்லை. நாலு விரல் உயரம் அதிகம்.

"கட்டில வேணா கொஞ்சம் ஏத்திக்கம்மா" என்றார் அத்தை, வெற்றிலையை மென்றுகொண்டே. "உங்கிட்டதான் ஜாக்கி இருக்கே."