முழு மதிப்பெண் வாங்கிய டப்பா

எங்கள் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் மதியம் சாப்பிடுகிறார்கள் என்ற செய்தி தலைமையகத்துக்குப் போய்ச் சேர இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. சேர்ந்த பிறகு அவர்கள் சும்மா இருக்கவில்லை. உடனே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள்.

எங்களுடையது எடை அளவுச் சோதனை அலுவலகம். கடைக்காரர்களின் தராசு சரியாக நிற்கிறதா, படிக்கல்லின் அடியைச் சுரண்டி எடையைக் குறைத்திருக்கிறார்களா என்று பார்த்து முத்திரை குத்துவது எங்கள் தொழில். ஊர்த் தராசையெல்லாம் நேராக்கும் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு ஒரு கால் குட்டை. அந்த மேஜையைச் சுற்றி மதியம் உட்காருவோம். அவரவர் டப்பாவைத் திறக்கும்வரைதான் அது அவரவர் டப்பா. திறந்த பிறகு தட்டச்சு அக்காவின் மீன் ஆய்வாளர் தட்டில் இருக்கும், ஆய்வாளரின் முட்டை என் வாயில் இருக்கும். ஆய்வாளருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. ஒரு முட்டையை அவர் நாலாக வெட்டினால் நாலும் ஒரே எடையாக இருக்கும். தொழில் கையில் ஊறிப்போன மனிதர்.

பதிவறை அண்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறவர். மனைவி இறந்து, விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்பிய அன்று வழக்கம்போல டப்பாவும் கையுமாக வந்தார். வழக்கம்போல மேஜைக்கு வந்து திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த டப்பா. அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதில் யாராவது எதையாவது வைத்தால்தான் உள்ளே இருக்கும் என்பது அந்த நிமிஷம்வரை அவருக்குத் தோன்றவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அது தானாகவே நிறைந்துகொண்டிருந்தது அல்லவா? மனிதர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டச்சு அக்கா ஒரு கை சோறு எடுத்து அதில் வைத்தார். தராசு கால் முட்டை வைத்தார். நான் உருளைக்கிழங்கு வைத்தேன். மறுநாளும் அவர் காலி டப்பாவோடு வந்தார், மறுநாளும் வைத்தோம். அப்படியே நடந்துகொண்டிருந்தது. காலையில் தேநீர், ராத்திரி கடை ரொட்டி, நடுவில் நாங்கள் என்று அவர் நாள் ஓடியது. இதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. சாப்பிடுவதற்கு மட்டும்தான் திறந்தோம்.

இந்த நிலையில்தான் மேற்படி சுற்றறிக்கை வந்தது. "அலுவலகங்களில் பணியாளர்கள் ஆரோக்கியமாகவும் ஆனந்தமாகவும் ஒருங்கே அமர்ந்து உணவைப் பகிர்ந்துண்ணுதல் வேண்டும்" என்பது அதன் சாரம். மேலாளர் எங்களைக் கூப்பிட்டு உரக்கப் படித்தார்.

"இதைத்தானே சார் தினமும் செஞ்சுட்டிருக்கோம்?" என்றார் தட்டச்சு அக்கா.

"அது அனுமதி இல்லாம நடந்துட்டிருக்கும்மா. இனிமே அனுமதியோட நடக்கும்."

"ரொம்ப நல்லது. அப்போ இன்னைக்கு?"

"இன்னைக்கு எப்படி? நிறுத்தி வெச்சாதானே திட்டத்தைத் தொடங்க முடியும்?"

நியாயம்தானே. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு முன்னால் எப்படி ரிப்பன் வெட்டுவது? ஆகவே, ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் திட்டம் நடைமுறைக்கு வரும்வரை அவரவர் அவரவர் இடத்தில் சுவரைப் பார்த்தபடி சாப்பிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த நாட்களில் பதிவறைக்கு வழக்கத்தைவிட அதிகமாகக் கோப்புகள் போயின. சில கோப்புகள் சூடாக இருந்தன.

பிறகு தலைமையகத்திலிருந்து ஆனந்த ஆலோசகர் வந்தார். அப்படித்தான் அவருடைய பதவிக்குப் பெயர். இளைஞர், ஒல்லி. கையிலிருந்த புட்டியில் பச்சையாக ஏதோ இருந்தது. அதை அவர் குடித்து நாங்கள் பார்க்கவில்லை, அசைப்பதைத்தான் பார்த்தோம். முதல் வேலையாக எங்கள் மேஜையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு வெள்ளையாக ஒரு மேஜை வரவழைத்தார். நாற்காலிகளுக்கு எண் ஒட்டினார். சுவரில் சிரித்த முகம் ஒன்றை மாட்டி, அதைப் பார்த்தபடி சாப்பிடச் சொன்னார்.

தொடக்க நாளன்று தட்டச்சு அக்கா பழக்கதோஷத்தில் ஒரு மீன் துண்டை எடுத்து அண்ணன் பக்கம் நீட்டினார்.

"மேடம், என்ன பண்றீங்க?"

"பகிர்ந்துக்கறேன்."

"இது பகிர்தல் இல்ல மேடம், கலப்படம். பகிர்தல்னா இதுதான்." ஆலோசகர் செல்போனை எடுத்து அக்காவின் டப்பாவை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று படம் பிடித்தார். 'பகிர்' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். "பாருங்க, இப்போ உங்க மீன் நம்ம துறையில நானூறு பேருக்குப் போயிருச்சு. கையால குடுத்திருந்தா ஒருத்தருக்குத்தான் போயிருக்கும்."

கணக்கில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. மீன் மட்டும் ஆறிப்போயிருந்தது.

அடுத்ததாக மதிப்பெண். ஒவ்வொரு டப்பாவுக்கும் நூறு. எண்ணெய்க்குக் கழிவு, உப்புக்குக் கழிவு, சர்க்கரைக்குக் கழிவு. எடைபோட எங்கள் சோதனைத் தராசையே எடுத்துக்கொண்டார். மதிப்பெண் பணிக்குறிப்பில் ஏறும், பணிக்குறிப்பைப் பார்த்துத்தான் பதவி உயர்வு என்று மேலாளர் அறிவித்தார். அக்காவின் மீன் பாஸ் மார்க்கைத் தொடவில்லை. என் உருளைக்கிழங்கு அதற்கும் கீழே. தராசின் முட்டை ஒழுங்காக வெட்டப்பட்டிருந்ததற்காக இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றது.

கடைசியாக அண்ணன் முறை. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அண்ணனின் கை மூடியைவிட்டு எழவில்லை.

"திறங்க சார், வெக்கப்படாதீங்க."

திறந்தார். ஆலோசகர் எட்டிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். டப்பாவைத் தராசுத் தட்டிலே வைத்தார், டப்பாவின் எடைதான் வந்தது.

"எண்ணெய்?"

"இல்லைங்க."

"உப்பு? சர்க்கரை?"

"ஒண்ணும் போடலைங்க."

"எவ்வளவு நாளா இப்படி?"

"அவ போனதுலேருந்து."

தட்டச்சு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "சார், அவரோட வீட்டுக்காரம்மா இறந்துட்டாங்க. டப்பால வெக்க ஆள் இல்ல. அவ்வளவுதான்."

ஆலோசகரின் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது, அதில் குறை சொல்ல மாட்டேன். "துக்கத்தைக்கூட எவ்வளவு ஆரோக்கியமா மாத்தியிருக்கார் பாருங்க!" என்று சொல்லி நூற்றுக்கு நூறு போட்டார்.

காலி டப்பாவின் படம் துறை முழுவதும் பகிரப்பட்டது. இயக்குநரே பார்த்துவிட்டு "தூய்மை! எளிமை!" என்று எழுதினார். இயக்குநர் எழுதிய பிறகு யாருக்கு வேறு கருத்து இருக்க முடியும்? இதற்கு 'வெற்றுணவு முறை' என்று பெயர் சூட்டப்பட்டது. கடைகளில் வெற்றுணவு டப்பா வந்துவிட்டது. எதையும் உள்ளே வைக்க முடியாத அளவுக்குத் தட்டை, விலை சாதாரண டப்பாவைப்போல மூன்று மடங்கு. எங்களில் முதலில் வாங்கியவர் மேலாளர். "ஒண்ணுமே வெக்காத டப்பாவை நான் எதுக்குத் தினம் கழுவணும்?" என்று அவர் மனைவி கேட்டாராம். "இது கொள்கை, உனக்குப் புரியாது" என்று பதில் சொன்னாராம்.

அடுத்து ஆய்வாளர் வாங்கினார். அடுத்து நான். தட்டச்சு அக்கா ஒரு வாரம் மீனோடு போராடிப் பார்த்துவிட்டு, பெண்ணின் கல்யாணச் செலவை நினைத்து அவரும் வாங்கிவிட்டார். தினமும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாகக் காலி டப்பாவைத் திறந்து, ஒன்றாகச் சிரிப்போம். ஆலோசகர் படம் எடுப்பார். மூடிவிட்டு எழுந்திருப்போம். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்களுக்குப் பதவி உயர்வு மட்டும் பறக்காமல் கண்ணெதிரே நின்றது.

நாங்கள் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறைக்குப் போனவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். மேலாளர் அறையில் இழுப்பறை திறக்கும் சத்தமும் உடனே பிஸ்கட் நொறுங்கும் சத்தமும் கேட்கும். நான் மாடிப்படிக்குக் கீழே நின்று ரொட்டியை முழுங்கினேன். ருசி தெரியாது, நல்ல வேளையாக யாரும் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

மாட்டிக்கொண்டவர் அண்ணன்தான். அவர் இப்போது முன்மாதிரி ஊழியர். முன்மாதிரி ஊழியர் வேலை நேரத்தில் எதையும் மெல்லக் கூடாது, தேநீர்க் கடைப் பக்கம் தென்படக் கூடாது. அவரை ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஆலோசகர் பதிவறை வாசலிலேயே நாற்காலி போட்டுக்கொண்டதால் சூடான கோப்புகளின் போக்குவரத்தும் நின்றுபோனது. வேற்று அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்து அவர் சாப்பிடாமல் இருப்பதை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அண்ணன் உருகிக்கொண்டே வந்தார். முத்திரை குத்தும் ஊசியால் இடுப்புப் பட்டைக்குப் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் வந்திருந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"உங்க அனுபவத்தைச் சொல்லுங்க சார். மத்தியான நேரத்துல மனசுல என்ன தோணுது?"

அண்ணன் யோசித்தார். "பசிக்குதுங்க" என்றார்.

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. நானும்தான் தட்டினேன். மறுநாள் சிரித்த முகத்துக்குக் கீழே 'பசிக்கிறது! ஆகவே நலமாக இருக்கிறேன்' என்று எழுதி ஒட்டினார்கள்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணன் டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தார். ஆலோசகர் விருந்தினர்களை அழைத்துவர வாசலுக்குப் போயிருந்தார். அண்ணன் மூடியைத் திறந்தார். தீய்ந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. உள்ளே அழுத்தி அடைத்த சோறு, ஓரமெல்லாம் கறுத்த முட்டை.

"நானே பண்ணேன்" என்றார். "கொஞ்சம் அடி பிடிச்சிருச்சு."

"அண்ணே! எப்போ கத்துக்கிட்டீங்க?" என்றார் அக்கா.

"கொஞ்ச நாளாத்தான். நீங்க எல்லாரும் காலி டப்பாவோட வர ஆரம்பிச்சீங்களே, அப்போலேருந்து." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல யாருக்கு என்ன கஷ்டமோ. நான் கேக்கல. நீங்களும் என்னைக் கேக்கலையே."

சொல்லிக்கொண்டே ஒவ்வொருவர் டப்பாவிலும் ஒரு கை சோறு வைத்தார். வெற்றுணவு டப்பாவில் சோறு நிற்காமல் மேஜையில் சரிந்தது. மேலாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில் முட்டை போய்விட்டது. அக்கா அழுதுகொண்டே சாப்பிட்டார். அடிபிடித்த சோறு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தராசு வெட்டாமல், அளக்காமல், ஒரு முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

அப்போது ஆலோசகர் விருந்தினர்களோடு உள்ளே வந்தார்.

விசாரணை அங்கேயே நடந்தது. மேலாளர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "மேற்படி நபர் எங்கள் டப்பாக்களில் எங்கள் சம்மதமின்றி உணவு இட்டார். அதைத் தடுக்க எங்களாலான முயற்சிகளை மேற்கொண்டோம். எவரும் உண்ணவில்லை." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நாங்கள் சோற்றையே மறைத்தோம். அண்ணன் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எவ்வளவோ தேவலை. சாட்சியாக எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். கை கழுவ நேரமில்லாததால் கையெழுத்துக்குப் பக்கத்தில் எல்லாம் எண்ணெய் பட்டுக் காகிதம் கண்ணாடிபோல ஊடு தெரிந்தது. ஆலோசகர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேர்வை சார்" என்றார் மேலாளர்.

அண்ணனின் நூறு மதிப்பெண்ணும் ரத்து செய்யப்பட்டது. கூட்டு ஆரோக்கியத்துக்குக் குந்தகம் விளைவித்த குற்றத்துக்காக, ஓய்வு பெறும்வரை அவர் தம் உணவைப் பதிவறையில் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு உண்ண வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் அலுவலகத்துக்கு இந்த வருடம் ஆனந்தக் கேடயம் கிடைத்திருக்கிறது. பதவி உயர்வு பரிசீலனையில் இருக்கிறது.

ஆக, எங்கள் அலுவலகத்திலேயே மதியம் வயிறாரச் சாப்பிடுகிறவர் இப்போது தண்டனை பெற்ற அவர் ஒருவர்தான். சமையலும் தேறிவிட்டது. தீய்ந்த வாசனை இப்போது வருவதில்லை, வெங்காயம் வதக்கிய வாசனைதான் வருகிறது. டப்பாவும் பழையது இல்லை, பெரிதாக ஒன்று வாங்கியிருக்கிறார். ஓர் ஆளுக்கு எதற்கு அவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை. கதவைச் சாத்த உத்தரவு இருக்கிறது, சாத்துகிறார். தாழ் மட்டும் போடுவதில்லை. எழுந்து போய்த் தள்ள வேண்டியதுதான் பாக்கி. படம் எடுத்து முடியட்டும் என்று சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறோம்.