கட்டாயமில்லை அங்கிளின் பார்க்கிங்

வெள்ளவத்தையில் சொந்தமாகப் பார்க்கிங் வைத்திருந்தும் அதில் கார் விடாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரை எனக்குத் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இங்கே காணிப் பிரச்சினையில் கதைக்காமல் விட்ட அண்ணன் தம்பிமார் பிறகு சேர்ந்திருக்கிறார்கள். பார்க்கிங் பிரச்சினையில் கதைக்காமல் விட்டவர்களோ செத்த வீட்டிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில், எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் தனக்கென்று ஒதுக்கிய பார்க்கிங்கில் இரண்டு இரும்பு றாக்கைகளை நிறுத்தி, பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு, கதைப் புத்தகங்களை அடுக்கி, சுவரில் ‘கட்டாயமில்லை’ என்று பெயின்டால் எழுதிவைத்த ஆளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? கட்டாயமில்லை அங்கிள் என்றே கூப்பிட்டோம். சொந்தப் பெயர் மின்சாரப் பில்லில் மட்டும் வந்து போனது.

அங்கிள் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் செய்யவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை. ஆட்கள் நிரப்பிக் கொண்டுவரும் படிவங்களை வாங்கி, வெறுமையாக விட்ட கட்டத்துக்கு நேரே சிவப்புப் பேனையால் ‘கட்டாயம்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவதுதான் உத்தியோகம். எத்தனை பேரின் வயிற்றெரிச்சலை வாங்கியிருப்பாரோ தெரியாது. பென்ஷன் எடுத்த அன்றே அந்தச் சொல்லை இனி வாயால் எடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

அதன்பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். லிஃப்ட் பழுதென்றால், “நாலாம் மாடிதானே, லிஃப்ட் கட்டாயமில்லை.” தேத்தண்ணிக்குச் சீனி முடிந்துவிட்டதென்றால், “கட்டாயமில்லை, சும்மா தாங்கோ.” தொடர்மாடிக் கமிட்டி ‘அனைவரும் கட்டாயம் சமுகமளிக்கவும்’ என்று நோட்டீஸ் ஒட்டினால் கூட்டத்துக்கு வரமாட்டார். ஒருமுறை செயலாளர் ‘விரும்பியவர்கள் வரலாம்’ என்று மாற்றி ஒட்டிப் பார்த்தார். அங்கிள் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். களனியிலிருந்து வேலைக்கு வரும் எங்கள் செக்யூரிட்டி சுனிலுக்கும் இது தொற்றிவிட்டது. ஹோர்ன் அடித்து கேற்றைத் திறக்கச் சொன்னால், “அனிவார்ய நெஹே, சேர்” என்று சிங்களத்தில் அதையே சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் திறப்பான்.

அந்தப் புத்தக றாக்கை வந்தது ஓ.எல். சோதினை எழுதிய பிள்ளைகளுக்காக. மற்ற ஊர்களில் ஓ.எல். முடிந்தால் லீவு. வெள்ளவத்தையில் காலையில் கடைசிப் பேப்பரை எழுதிய பிள்ளை, பின்னேரம் ஏ.எல். கெமிஸ்ட்ரி வகுப்பில் இருக்கும். ஒரு ரியூஷனுக்கும் அடுத்த ரியூஷனுக்கும் நடுவில் கிடைக்கிற சொற்ப நேரத்துக்கு வீட்டுக்குப் போனால், “சும்மா இருக்கிற நேரம் அந்தக் கணக்கைச் செய்யன்” என்று தாய் சொல்லுவாள். அதனால் எங்கள் தொடர்மாடிப் பிள்ளைகள் கார்களுக்கு நடுவில் ஒளிந்திருந்து ஃபோன் பார்த்தார்கள். அதைக் கண்டுவிட்டுத்தான் அங்கிள் றாக்கை வாங்கினார்.

அங்கே புத்தகம் எடுப்பது வங்கியில் கடன் எடுப்பதைவிடக் கஷ்டம். என் மகள் அபி முதல்நாள் போனபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

“அங்கிள், இதை எடுக்கலாமோ?”

“ஆர் எடுக்கச் சொன்னது?”

“அம்மா.”

“அப்ப அம்மாவை வந்து வாசிக்கச் சொல்லும்.”

அபி வெறுங்கையோடு வந்தாள். சில நாள் கழித்துத் தானாகப் போனாள்.

“இப்ப ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் இல்லை. அட்டையில கத்தி இருக்கு. அதுதான்.”

“அது நல்ல காரணம். கொண்டு போம்.”

ஒரு பையன் புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டதாகப் பெருமையடித்தபோது அங்கிளின் முகம் கறுத்துவிட்டது. “ஏன் இந்த அவசரம்? உமக்கு ஆரும் சோதினை வைக்கினமோ?” இன்னொரு பிள்ளை பாதியில் அலுத்துப்போய், பயந்து பயந்து திருப்பிக் கொடுத்தாள். அங்கிள் எழும்பி நின்று அவளிடம், “எந்த இடத்தில அலுத்தது? அந்தக் கப்பல் துறைமுகத்தில நிண்டுகொண்டே இருக்குமே, அதிலயோ? எனக்கும் அதில தான் பிள்ளை” என்றார். இருவரும் அந்தக் கப்பலை அரைமணி நேரம் திட்டினார்கள். பிறகு அவள் அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அட்டையில் கத்தி போட்ட புத்தகம்தான் எல்லோருக்கும் பிடித்தது. இத்தனைக்கும் கதையில் கத்தியே இல்லை. பணக்காரர் ஒருவர் பால்தேத்தண்ணி குடித்து நஞ்சேறிச் செத்துப் போகிறார். தோட்டக்காரன் மேல் சந்தேகம், தம்பி மேல் சந்தேகம், பெண்சாதி மேல் சந்தேகம். துப்பறிகிறவர் எல்லோரையும் விறாந்தைக்குக் கூப்பிட்டு, “கொலையாளி இங்கேதான் நிற்கிறார்” என்று சொல்கிற இடத்தில் புத்தகம் முடிந்துவிடும். மிச்சப் பக்கங்களைக் கார் பார்க் எலி தின்றுவிட்டது. அபி ஓடிப்போய்க் கேட்டாள்.

“அங்கிள், ஆர் கொலைகாரன்?”

“தெரியாது பிள்ளை. நான் வாசிக்க முந்தியே எலி வாசிச்சிட்டுது. விருப்பமெண்டால் நீரே ஒராளைப் பிடியும்.”

அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் பார்க்கிங்கில் உட்கார்ந்து ஆளைப் பிடித்தார்கள். மூன்றாம் மாடி டொக்டர் அம்மாவின் மகன் நிரோஷன், செத்தவரின் தம்பியைப் பிடித்தான். அபி தோட்டக்காரனைப் பிடித்தாள். ஃபோன்கள் பொக்கற்றில் கிடந்தன. அங்கிள் ஒரு மூலைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நித்திரை என்று நினைத்தேன். உதட்டில் சிரிப்பு இருந்தது.

சந்தோஷம் நிலைக்கவில்லை. டொக்டர் அம்மா ஒருநாள் காரை விட்டு இறங்கி நேரே அங்கிளிடம் வந்தார்.

“அங்கிள், இதுக்கு சேர்டிஃபிகட் குடுக்கிறனீங்களோ?”

“இல்லை.”

“மார்க்ஸ்?”

“இல்லை.”

“அப்ப என்னத்துக்குப் பிள்ளையள் வாசிக்குதுகள்?”

“அதுதான் டொக்டர், எனக்கும் விளங்கேல்லை. ஆனா வாசிக்குதுகள்.”

டொக்டர் அம்மா நல்லவர். எங்கள் தொடர்மாடியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இரவில் பார்க்காமல் படுக்கமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தால் பிரயோசனம் இல்லை என்றால் அவருக்கு நெஞ்சு படபடக்கும். அதே வாரத்தில் லண்டனில் இருக்கும் அவரது சிநேகிதி, அங்கே பல்கலைக்கழக நேர்முகத்தில் ‘பாடத்துக்கு வெளியே என்ன வாசித்தீர்கள்’ என்று கேட்பார்களாம் என்று சொல்லிவிட்டாள். செய்தி எங்கள் வட்ஸ்அப் குழுவுக்குள் வந்தது. அன்று பின்னேரமே பெற்றோர் எல்லோரும் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். வெள்ளவத்தைப் பெற்றோருக்கு ஒரு விஷயம் முக்கியம் என்று பட்டால், அதற்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கதைப் புத்தகத்துக்கு ரியூஷன் வைத்தார்கள்.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. மேல்மாடி மண்டபத்தில் ஞாயிறு காலை வகுப்பு. ‘விடுமுறை வாசிப்பு: தியரி அன்ட் ரிவிஷன்’. வெள்ளவத்தையின் பெரிய றோட்டான காலி வீதி முழுக்கப் பெயர் போன ஒரு ரியூஷன் சேரைப் பிடித்தார்கள். சேர் கத்திப் புத்தகத்தைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு போய், அடுத்த ஞாயிறு ரியூட் என்கிற அச்சடித்த குறிப்புகளோடு வந்தார். தோட்டக்காரனின் குணவியல்புகள். பால்தேத்தண்ணி உணர்த்தும் கருத்து. என் மனைவி அபியின் பெயரை முதல்நாளே கொடுத்துவிட்டாள். “விருப்பமெண்டால் போகட்டுமே” என்று இழுத்தேன். அவள் பார்த்த பார்வையில் வசனத்தை முடிக்கவில்லை.

சேரின் ரியூட்டில் கடைசிப் பகுதிதான் உச்சம். கொலையாளி யாரென்று புத்தகத்தில் இல்லாததைப் பார்த்த சேர், அதில் பெரிய நுட்பம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். ‘ஆசிரியர் முடிவைக் கூறாது விட்டமைக்கான காரணங்கள்: சமூகமே குற்றவாளி என்பதை உணர்த்தல். வாசகரைச் சிந்திக்கத் தூண்டல். வாழ்வின் நிலையாமையைச் சுட்டல்.’ பிள்ளைகள் பாடமாக்கினார்கள். பார்க்கிங்கில் கதிரைகள் வெறுமையாகின. அபி அந்தப் புத்தகத்தைக் கண்டால் முகத்தைச் சுளித்தாள். “எனக்கு அந்தக் கதையே வேண்டாம் அப்பா. ஞாயிறு டெஸ்ட்.”

டெஸ்ட் அன்று காலை அங்கிள் சுத்தமான வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, பேனையும் கையுமாக மேல்மாடிக்கு ஏறிப் போய்ப் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்துவிட்டார். சேருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வயசானவரை எழுப்பி அனுப்பவும் முடியாது. பேப்பரைக் கொடுத்தார். முடிவைக் கூறாது விட்டமைக்குக் காரணங்கள் தருக என்ற கேள்விக்கு அங்கிள் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘எலி தின்றுவிட்டது.’

சேர் அதற்குச் சிவப்புப் பேனையால் பிழை போட்டார்.

“அங்கிள், இது ரியூட்டில இல்லை.”

“தம்பி, எலி என்ர றாக்கையில தான் இருந்தது. நான் கண்டனான்.”

“இருக்கலாம். ஆனா பொயின்ட்ஸ் போதாது.”

பிள்ளைகள் வாங்கில் விழுந்து சிரித்தார்கள். அங்கிளும் சேர்ந்து சிரித்தார். வகுப்பிலேயே குறைந்த மார்க்ஸ் அவருக்குத்தான்.

பெற்றோர் சிரிக்கவில்லை. அங்கிள் பிள்ளைகளைக் குழப்புகிறார் என்று கமிட்டி கூடியது. புத்தகங்களை மேல்மாடி மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேரின் பொறுப்பில் பூட்டி வைப்போம் என்றார்கள். அப்படியென்றால் பார்க்கிங் சும்மாதானே கிடக்கும், என் இரண்டாவது காரை விடலாமோ என்று டொக்டர் அம்மா மரியாதையாகத்தான் கேட்டார். அங்கிள் எதிர்க்கவில்லை. “விருப்பமெண்டால் எடுங்கோ” என்றார். அவரால் வேறு எப்படிச் சொல்ல முடியும்? தன் சொல்லுக்குள் தானே அகப்பட்டுக்கொண்டார்.

றாக்கைகளை மேல்மாடிக்கு ஏற்றிய பிறகு வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு என்னோடு நின்றார்.

“ஆரும் சொல்லாமல் ஒரு பிள்ளை தானா வந்து இதில இருக்கவேணும். அவ்வளவு தான் தம்பி நான் ஆசைப்பட்டது. வந்துதுகள் தான். ஆனா இப்ப யோசிச்சுப் பார்த்தால், வேற போக்கிடம் இல்லாமல் வந்துதுகளோ தெரியாது.”

நான் சுவரில் இருந்த அந்தப் பெயின்ட் எழுத்தைப் பார்த்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் டொக்டர் அம்மா இரண்டாவது காரோடு வந்தார். நான் கேற்றடியில் நின்றேன். பார்க்கிங்கில் கதிரையும் இல்லை, புத்தகமும் இல்லை. ஆனால் வெறும் சீமெந்து நிலத்தில் அபி, நிரோஷன், இன்னும் எங்கள் தொடர்மாடிப் பிள்ளைகள் எல்லோரும் வட்டமாகச் சப்பாணி கட்டி இருந்தார்கள்.

“நிரோஷன், எழும்பு. கார் விடவேணும்.”

“பொறுங்கோ அம்மா. தம்பி இல்லை. மனுசி தான் நஞ்சு போட்டது.”

“எந்த மனுசி?”

“செத்தவரின்ர பெண்சாதி. பால்தேத்தண்ணியில. குடிச்ச உடன ஆள் முடிஞ்சுது.”

டொக்டர் அம்மா கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கினார். “உடனயோ? அப்பிடி உடன வேலை செய்யிற நஞ்சு லேசில கிடையாது. அவளுக்கு எங்கால கிடைச்சது?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்தக் கோணத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை.

“தோட்டக்காரனிட்ட மருந்து இருந்தது, அன்ரி” என்றாள் அபி.

“பூச்சி மருந்தோ? அது மணக்குமே. தேத்தண்ணியில போட்டால் அந்தாள் எப்பிடிக் குடிச்சவர்? அவருக்குத் தடிமனில மூக்கடைப்போ?”

“ஓம்,” என்று நிரோஷன் கத்தினான். “முதலாம் அத்தியாயத்தில லேஞ்சியால மூக்கைத் துடைச்சுக்கொண்டு தான் வாறார்.”

டொக்டர் அம்மா எஞ்சினை நிறுத்திவிட்டார். கார் பாதி உள்ளே, பாதி வெளியே. பின்னால் வந்த கார்கள் ஹோர்ன் அடித்தன. சுனில் ஓடிவந்து பார்த்துவிட்டு, பின்னால் நின்றவர்களிடம் வழக்கமான பதிலைச் சொல்லிக்கொண்டு போனான். ஹோர்ன் சத்தத்தில்தான் அங்கிள் இடுப்பில் கட்டிய சாரத்தோடு படியிறங்கி வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஆர் உங்களை வரச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அங்கிள்” என்றாள் அபி.

“புத்தகம் இல்லையே.”

“கதை தெரியும் தானே.”

அங்கிள் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்து நுனியால் துடைத்தார். துடைத்த கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார். பிறகு பிள்ளைகளின் பக்கம் திரும்பி, “பிள்ளையள் எழும்புங்கோ, டொக்டர் காரை விடட்டும்” என்றார்.

டொக்டர் அம்மா சாவியைத் திருப்பி, காரைப் பின்னுக்கு எடுத்தார். கண்ணாடியை மூட முன்பு சொன்னார்:

“கட்டாயமில்லை, அங்கிள்.”

றாக்கைகள் அந்த வாரமே கீழே இறங்கின. சேருக்கு ஏ.எல். வகுப்புகள் கூடிவிட்டதால் வாசிப்பு ரிவிஷன் தானாக நின்றது. கொலையாளி யாரென்று இன்னும் முடிவாகவில்லை.

அங்கிள் இப்போது முழங்கால் வருத்தத்தால் வத்தளையில் தங்கையோடு இருக்கிறார். நாலாம் மாடி வீடு பூட்டியே கிடக்கிறது. பார்க்கிங்கில் அந்த றாக்கைகள் நிற்கின்றன. இந்த வருஷம் ஓ.எல். எழுதிய புதுப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து வேறு ஏதோ புத்தகத்துக்குச் சண்டை பிடிக்கிறார்கள். டொக்டர் அம்மாவின் இரண்டாவது கார் மழையிலும் வெயிலிலும் கேற்றுக்கு வெளியே ஒழுங்கையில்தான் கிடக்கிறது. இடத்தை யாரும் எடுக்கக் கூடாது என்று கமிட்டி ஒரு நோட்டீஸ்கூட ஒட்டவில்லை.

மாதம் ஒருமுறை நான் நீர்கொழும்பு பஸ் ஏறி வத்தளைக்குப் போகிறேன். கதவைத் திறந்ததும், “ஆர் வரச் சொன்னது?” என்று கேட்பார். ஒருவரும் சொல்லவில்லை அங்கிள், உங்களைப் பார்க்கவேணும் போல இருந்தது.