ஈப்போவுக்குப் போன இருநூறு பைகள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. கூட்டத்தில் யாராவது "இதை யார் பாத்துக்கறது?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் என் கை மேலே போய்விடும். மூளைக்குச் செய்தி பிறகுதான் போய்ச் சேரும். (பள்ளிக்கூடத்தில் இந்தக் கையின் புண்ணியத்தில் மூன்று வருடம் கரும்பலகை துடைத்தேன்.) அந்த வியாதி முற்றிப்போய் நடந்த ஒரு கூத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மறைத்துப் பயனில்லை. எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திரிங்காப் என்கிற மலையூரில் அப்பாவுக்குக் காய்கறித் தோட்டமும் ஒரு பெரிய லோரியும் இருந்தன. காய்களைத் தரம் பிரித்து, கூடைகளில் அடுக்கி, மொத்த வியாபாரிகளுக்கு அனுப்புவது என் பொறுப்பு. குமரனைக் கல்யாணம் செய்துகொள்ள நான் துடித்ததும் அந்த நாட்களில்தான். குமரனுக்கும் அதே துடிப்பு. குறுக்கே நின்றவர் அவன் அம்மா சரோஜா டீச்சர். தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறவர். ஐம்பத்தைந்து வயதிலும் விடியற்காலைப் பனியில் தினமும் ஓடுகிறவர். என்னைப் பற்றி அவர் வெளியிட்ட ஒரே கருத்து, "அந்தப் பொண்ணு நெறைய பேசுது. பொறுப்பு இருக்கான்னுதான் தெரியல" என்பது. (முதல் பாதியை நான் மறுக்கவில்லை.)

அந்த வருடம் எங்கள் மலையில் ஓர் ஓட்டம் ஏற்பாடானது. அரை மராத்தான், இருபத்தொரு கிலோமீட்டர். தொடக்கம் கம்போங் ராஜாவில். முடிவு பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஓர் இடத்தில் தொடங்கி இன்னோர் இடத்தில் முடிகிற ஓட்டத்தில் ஓடுவதுதான் சுலபமான வேலை. காரை முடிவிடத்தில் நிறுத்திவிட்டு, இருட்டோடு பேருந்தில் ஏறித் தொடக்கத்துக்குப் போக வேண்டும். குளிருக்குப் போட்டிருந்த சுவெட்டர், மாற்றுத்துணி, கைப்பேசி, கார் சாவி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எண் ஒட்டிக் கொடுத்துவிட்டு, பனியனோடும் அரைக்கால் சட்டையோடும் ஓட வேண்டும். ஓடி முடிப்பதற்குள் அந்தப் பைகள் முடிவிடத்தில் காத்திருக்க வேண்டும்.

ஏற்பாட்டுக் குழுக் கூட்டத்தில் சரோஜா டீச்சர்தான் கேட்டார், "பைகள யார் பாத்துக்கறது?" என்று. என் கை போய்விட்டது.

டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இருநூறு பை, தேவி. ஒன்னு கொறையக்கூடாது."

"டீச்சர், நாங்க தெனம் நானூறு கூடை அனுப்புறோம் லா. இதுவரைக்கும் ஒரு கோபிஸ் காணாமப் போனதில்ல."

கோபிஸ் என்றால் முட்டைக்கோஸ். மாமியாராக வரப்போகிறவரிடம் முட்டைக்கோஸைச் சாட்சிக்கு இழுத்த பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்று மாலையே குமரன் தொலைபேசியில் அழைத்தான். "அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ஓட்டம் முடியட்டும், பொண்ணு பாக்கப் போறதா வேணாமான்னு அப்புறம் சொல்றேன்னாங்க. தேவி, பைய மட்டும் பாத்துக்க."

ஆக, இருநூறு பைகளும் என் கல்யாணமும் ஒரே லோரியில் ஏறின.

லோரி என்றதும் முனியாண்டி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக எங்கள் லோரியை ஓட்டுகிறவர். அவரிடம் யாரும் போகிற இடத்தைச் சொல்வதில்லை. கூடையில் கட்டியிருக்கும் ரிப்பன்தான் சொல்லும். மஞ்சள் ரிப்பன் என்றால் கோலாலம்பூர். சிவப்பு ரிப்பன் என்றால் மலைக்குக் கீழே ஈப்போ சந்தை, ஜமால் பாய் கடை. அவர் ரிப்பனைப் பார்ப்பார், சாவியைத் திருப்புவார். பின்னால் இருப்பது என்ன காய் என்றுகூடக் கேட்கமாட்டார்.

ஓட்டக்காரர்களின் எண் அட்டை சிவப்பு நிறத்தில் அச்சாகி வந்திருந்தது. எனக்குத்தான் எதையும் எடுப்பாகச் செய்ய வேண்டுமே! அதே சிவப்பில் புத்தம் புது ரிப்பன் வாங்கி, பதினேழு காய்கறிக் கூடைகளுக்கும் பூ வைத்த மாதிரி முடிச்சுப் போட்டேன். இந்த இடத்தில் நீங்கள் தலையில் கை வைத்திருப்பீர்கள். நான் வைக்கவில்லை. தள்ளி நின்று அழகு பார்த்தேன்.

ஓட்டத்தன்று காலை கம்போங் ராஜா கடைகளுக்குப் பின்னால் லோரி நின்றது. டீச்சர் தன் கருநீலப் பையைத் தானே என் கையில் கொடுத்தார். "பரிசு குடுக்கறப்ப கட்டிக்கச் சேல இருக்கு. கார் சாவி, வீட்டுச் சாவி ரெண்டும் ஒரே வளையத்துல இருக்கு. பாத்து."

"கவலையே வேணாம் டீச்சர். ஓடி வாங்க, பை உங்களுக்காகக் காத்துகிட்டு இருக்கும்."

தொண்டர்கள் கூடைகளை ஏற்றி, வலை போட்டு, கித்தானை இழுத்துக் கட்டினார்கள். முனியாண்டி அண்ணன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் கதவைத் தட்டினேன்.

"அண்ணே, ஏத்தியாச்சு. கெளம்பிடுங்க."

"சரி பாப்பா."

அவ்வளவுதான் எங்கள் உரையாடல். மலை முழுக்க இந்த ஓட்டத்தைப் பற்றித்தான் பேச்சு, இவருக்கு மட்டும் தெரியாமலா இருக்கும் என்பது என் எண்ணம். சாலையை மூடுவதற்குள் என் பழைய லேண்ட்ரோவரில் முடிவிடத்துக்குப் பறந்தேன்.

தேயிலைத் தோட்டத்துத் திடலில் மேசைகளை வரிசையாகப் போட்டு, ஒன்றிலிருந்து இருநூறு வரை எண் ஒட்டினேன். வேலை அவ்வளவு சுத்தம். பை மட்டும்தான் இல்லை. பனி மூட்டத்தோடு தூறலும் பிடித்துக்கொண்டது. முதல் ஆள் வந்து சேர்ந்தார், பையைக் கேட்டார். "வந்துகிட்டே இருக்கு" என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தேன். பத்துப் பேர் வந்தார்கள். பத்து வாழைப்பழம். ஐம்பது பேர் ஆனபோது, பழத்தை உரிக்கக்கூட முடியாமல் அவர்கள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கார்கள் எதிரிலேயே வரிசையாக நின்றன. சாவிகள் பையில். முனியாண்டி அண்ணனின் தொலைபேசி வழக்கம்போல அணைந்து கிடந்தது.

அப்போது என் தொலைபேசி அடித்தது. ஜமால் பாய்.

"தேவி, என்னம்மா இது? கோபிஸ் கேட்டா காலுல போடற சப்பாத்து அனுப்பியிருக்கே?"

"பாய், எங்கேருந்து பேசுறீங்க?"

"என் கடையிலேருந்துதான். ஈப்போவுல. பழைய சப்பாத்து, துண்டு, சுவெட்டர்... ஒரு காலுறை நாத்தம் தாங்க முடியல. இதுக்கு நான் என்ன வெல போடறது?"

தேயிலைச் செடிக்கு நடுவே போய் நின்று, விசும்பலோடு நடந்ததைச் சொன்னேன்.

"அழாதம்மா, லோரிய இப்பவே திருப்பி அனுப்புறேன். ஒரு கூடை மட்டும் இன்னும் தள்ளித் தைப்பிங் போற லோரியில ஏறிடுச்சு. நம்ம ஆளு பாக்காம ஏத்திட்டான்."

அது டீச்சர் பை இருக்கும் கூடையாக இருக்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் டீச்சர் ஓடி முடித்தார். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க, வாழ்க்கையில் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பை?"

"டீச்சர், பை ஈப்போவுல இருக்கு."

"எந்த ஈப்போ?"

(ஈப்போ ஒன்றுதான் என்பது கணக்கு டீச்சருக்குத் தெரியாததல்ல. நம்ப முடியாதபோது மனிதர்கள் இப்படித்தான் கேட்பார்கள்.)

ஒலிபெருக்கியை வாங்கினேன். "எல்லாரும் மன்னிக்கணும். பைகள் ஈப்போவுக்குப் போயிடுச்சு. டிரைவர் மேல தப்பு இல்ல. நான்தான் தப்பான ரிப்பன் கட்டினேன். திரும்பி வர மத்தியானம் ஆகும்." சொல்லி முடித்துவிட்டு, அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. பக்கத்து லைன் வீடுகளிலிருந்து அஞ்சலை அக்கா என்கிற தோட்டத் தொழிலாளி எட்டிப் பார்த்தார். "ஐயோ, வெறச்சிப் போயி நிக்குதுங்களே!" என்று ஒரு சத்தம் போட்டார். வீட்டுக்கு வீடு சுவெட்டர், போர்வை, பழைய சேலை என்று வந்து குவிந்தன. கொழுந்து பறிக்கும் வங்காளதேசத்துத் தம்பிகள் தங்கள் கைலிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் இருநூறு ஓட்டக்காரர்களும் கட்டம் போட்ட கைலியோடு ஒரு தோட்டத்து ஜனமே போல நின்றார்கள்.

பரிசளிக்க வந்த பிரமுகருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. கூட்டத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "தோட்ட மக்களோட பாரம்பரியத்த மதிச்சு எல்லாரும் இந்த உடையில வந்திருக்கீங்க! இந்த யோசன யாருக்கு வந்ததோ, அவங்களுக்கு ஒரு கைதட்டல் குடுங்க!" என்றார். குழுத் தலைவர் வேறு வழியில்லாமல் என்னைக் கைகாட்டினார். பல் தந்தியடித்தபடியே இருநூறு பேரும் கை தட்டினார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சரோஜா டீச்சருக்கு இரண்டாம் இடம். (ஓடியவர்கள் மூன்று பேர், இதை நான் வீட்டில் சொல்வதில்லை.) நீலக் கைலி, முழங்கால் வரை தொங்கும் ஆண்கள் சுவெட்டர், அதற்கு மேல் கொழுந்து பறிப்பவர்களின் பிளாஸ்டிக் முன்கட்டு. மேடையேறிப் பரிசை வாங்கியவர், இறங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் லோரி வந்தது. "சேப்பு ரிப்பனு கட்டினா ஈப்போ போகாம வேற எங்க பாப்பா போறது?" என்று முனியாண்டி அண்ணன் கேட்டார். பைகள் எல்லாம் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன, தைப்பிங் போன பன்னிரண்டைத் தவிர. அந்தப் பன்னிரண்டில் பதினொரு பேரை நண்பர்கள் காரில் ஏற்றிக்கொண்டார்கள். பன்னிரண்டாவது பை எது என்று சொல்லத் தேவையில்லை. ஓட்டப் பாதையில் கியா பார்மில் நின்று ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்த குமரன், விஷயத்தைக் கேட்டதும் என் லேண்ட்ரோவர் சாவியை வாங்கிக்கொண்டு தைப்பிங்குக்குக் கிளம்பினான்.

கார் திறக்காது, ஒரே சாவி உள்ள வீடும் திறக்காது. டீச்சரை எங்கே அழைத்துப் போவது? எங்கள் வீட்டுக்குத்தான். கைலியோடு, காய்கறி லோரியில், முனியாண்டி அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தார்.

காய் அடுக்கும் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டுத் தேநீர் போட உள்ளே ஓடினேன். தேநீரோடு திரும்பினால், டீச்சர் முக்காலியில் குனிந்து வெங்காயத்தாள் கட்டிக்கொண்டிருக்கிறார்! எதிரே அப்பா, முழங்கால் வரை சேற்றுப் பூட்ஸோடு, அதட்டிக்கொண்டிருக்கிறார்.

"வேகமா கட்டும்மா. புதுசா வேலைக்கு வந்தவங்க மொத நாளே இப்படி மெதுவா செஞ்சா எப்படி? அஞ்சு மணிக்கு சரக்கு போவணும்."

"நான் கட்டினது எல்லாம் ஒரே அளவா இருக்கு. நீங்க கட்டினதுதான் ஒன்னு தடியா, ஒன்னு சோனியா இருக்கு" என்றார் டீச்சர், நிமிராமல்.

"அப்பா!" என்று அலறினேன். "இவங்க சரோஜா டீச்சர்! குமரனோட அம்மா!"

அப்பா கையிலிருந்த கட்டு நழுவியது. நான் சமையலறைக்குள் போய் நிஜமாகவே அழுதேன். குமரன் எனக்கு இல்லை என்று முடிவே செய்துவிட்டேன். அம்மா அரிசி களைந்தபடி, "அழுதுட்டு வந்து அப்பளம் பொரி" என்றார்.

ஆறு மணிக்குக் குமரன் பையோடு வந்தான். டீச்சர் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சாவி, கைப்பேசி, முள்ளங்கி வாசம் வீசும் பட்டுச்சேலை. எதுவும் குறையவில்லை. அப்பா கையைப் பிசைந்தார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க... பொண்ணு பாக்க நீங்க முறைப்படி வர்றதா இருந்தா..."

"இதுக்கு மேல என்ன பாக்கறது? வீட்டப் பாத்தாச்சு, சாப்பாட்டப் பாத்தாச்சு, உங்ககிட்ட வேலையும் பாத்தாச்சு. இருநூறு பேருக்கு முன்னால மைக்கப் புடிச்சி 'என் தப்பு'ன்னு சொன்ன பொண்ணையும் பாத்தாச்சு. தேதியப் பாருங்க" என்றார். எனக்கு அப்பளம் கையிலேயே நொறுங்கிவிட்டது.

கல்யாணம் ஆகி ஏழு வருடங்கள் ஓடிவிட்டன. வீட்டில் சீப்பு காணோம், கத்தரிக்கோல் காணோம் என்றால், "ஈப்போவுல பாரு" என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். எத்தனை விசேஷம், எத்தனை பயணம் வந்தாலும் மாமியார் தன் பையை மட்டும் என்னிடம் கொடுத்ததே இல்லை. மகள் பிறந்தபோது மருத்துவமனையிலிருந்து எங்களை அழைத்துவர வந்தவர், இரண்டு நாள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி கார் வரை நடந்தார். பக்கத்தில் நான் பிள்ளையின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நாலடி போயிருப்போம், நின்றுவிட்டார்.

"இந்தா, பிள்ளைய நீ புடி" என்று என் கையில் கொடுத்துவிட்டு, பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.