ஆயுத பூஜையும் ஒன்பதாம் நம்பரும்

சுவிட்சை அணைத்து, பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு உட்கார வைத்திருந்த கம்ப்யூட்டர் சுரேந்தருக்குப் பதில் சொன்னது.

அவன் செய்தது ஒன்றும் பெரிய காரியமில்லை. தன் கம்ப்யூட்டரிலிருந்து பிங் அடித்தான். கேபிள் வழியாக "இருக்கியா?" என்று ஒரு கேள்வி போகும், அந்த நம்பருள்ள கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் "இருக்கேன்" என்று பதில் வரும். அணைத்த கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது. ஆனால் ஒன்பதாம் நம்பர், அதாவது பில் போடும் மகேஸ்வரியின் கம்ப்யூட்டர், சளைக்காமல் "இருக்கேன்" என்றது.

நம்பர்களைக் கொடுத்தவன் அவன்தான். 1997-ல் அந்த ஊதுபத்திக் கம்பெனிக்கு நெட்வொர்க் வந்தபோது ஆளாளுக்கு ராசி நம்பர் கேட்டார்கள். எட்டை யாரும் தொடவில்லை. முதலாளி அய்யாசாமியே ஒன்பது கேட்டார். "அது மகேஸ்வரிக்குப் போயிடுச்சு சார். ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் போட்டா ரெண்டும் அடிச்சுக்கும்" என்று சொல்லி நாலைக் கொடுத்தான். அவர் முகம் சுண்டிப் போனது.

அதே அய்யாசாமி இன்று காலை, கற்பூரம் காட்டி முடித்ததும் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

"பூஜை போட்ட மெஷினை நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் தொடக்கூடாது, கொத்தாய்த்தா? புரிஞ்சுதா? தொட்டவங்க அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்."

பிறகு சுரேந்தரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு வாரமா மகேஸ்வரி மெஷின் பாதி நேரம் வேலை செய்யல. நாளைக்கு விஜயதசமி. முதல் பில் அதுலதான் வரணும். வரலைன்னா நீயும் வர வேணாம்."

தொடாமல் எப்படிச் சரி செய்வது என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. தீபாவளி கழிந்து அவனுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் சம்மதித்தது அவன் முகத்துக்காக அல்ல, மைசூரில் கம்ப்யூட்டர் வேலை என்பதற்காக. அதனால் எல்லோரும் பொரி கடலையை வாங்கிக்கொண்டு கிளம்பும் வரை பாத்ரூமில் பதுங்கியிருந்துவிட்டு, வந்து தன் கம்ப்யூட்டரை மட்டும் போட்டிருந்தான்.

எழுந்து போய் மகேஸ்வரியின் கம்ப்யூட்டரைப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து மறுபடி பிங் அடித்தான்.

இருக்கேன்.

"ஏனுங்க சார், ஊட்டுக்குப் போவலீங்களா?"

வாட்ச்மேன் மாதப்பன். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர். கையில் காபி தம்ளருடன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

"மாதப்பண்ணே, நான் இங்க இருக்கறது யாருக்கும் தெரிய வேணாம்."

"நானெதுக்குங்க சொல்லப் போறேன்? ஒருத்தரு சொன்னதை இன்னொருத்தருகிட்டச் சொல்ற பழக்கமே எனக்குக் கெடையாதுங்க."

சுரேந்தர் மேஜைக்கு அடியில் நுழைந்து நெட்வொர்க் கேபிளைக் கழற்றினான். எழுந்திருக்கும்போது தோளில் சிக்கி மாலை அறுந்தது. ஓடி வந்து பிங் அடித்தான்.

இருக்கேன்.

மறுபடி மகேஸ்வரியின் மேஜைக்கு ஓடினான். பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த நெட்வொர்க் கார்டையே பிடுங்கினான். மேலே வைத்திருந்த எலுமிச்சம்பழம் உருண்டு அவன் காலடியிலேயே நசுங்கியது. குங்குமக் கிண்ணம் கீபோர்டில் கவிழ்ந்தது. கைக்குட்டையால் துடைக்கப் போய், எழுத்து எதுவும் தெரியாதபடி கீபோர்டு முழுக்கச் சிவந்தது.

கார்டு அவன் சட்டைப்பையில் இருந்தது. ஒன்பதாம் நம்பர் "இருக்கேன்" என்றது.

சுரேந்தருக்கு சாமி நம்பிக்கை அளவாகத்தான் உண்டு. அந்த அளவு இப்போது தாண்டிவிட்டது. அறுந்த மாலையை எடுத்து மானிட்டர் மேல் வைத்துக் கும்பிட்டான்.

"தெரியாம செஞ்சிட்டேன். நாளைக்கு ஒரே ஒரு பில்லு. அதுக்கப்புறம் நீ என்ன வேணா செஞ்சுக்கோ."

காலித் தம்ளருடன் இறங்கி வந்த மாதப்பன் மாலையையும் குங்குமத்தையும் பார்த்தார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க சார். மத்தியானத்துல இருந்து மொதலாளி மாடில அவரு மிசினைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறாருங்க. போன வாரம் அவராவே நம்பரை ஒம்பதுன்னு மாத்திக்கிட்டாராம், அன்னைக்கிருந்து சரியாவே ஓடலியாமா, சுரேந்தருக்குத் தெரியாம சரி பண்ணிக் குடுக்க நல்ல ஆளா ஒருத்தர் வேணுங்கறாரு, உங்களுக்கு யாராச்சும் தெரியுமுங்களா?"