மச்சினன் நிச்சயதார்த்தத்தில் நான் விட்ட குறட்டை

டாக்டரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் நினைத்தேன். அது என் மச்சினன் ஜெபசிங்கின் நிச்சயதார்த்த நாளாகப் போய்விட்டது.

அதற்கு முந்தைய ஆறு மாதமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பர் வேலை. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். காஸ் அடுப்பை அணைத்தேனா என்று நாலு தரம் எழுந்து போய்ப் பார்ப்பேன். (அணைத்துத்தான் இருக்கும். அந்த அடுப்புக்கே என்னைக் கண்டால் சலிப்பு.) கடைசியில் என் மனைவி எஸ்தர்தான் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து ஒரு மாத்திரை எழுதினார்.

"ராத்திரி ஒண்ணு மட்டும். கொஞ்ச நாளைக்குத் தூக்கமா அசத்தும், பசியும் எடுக்கும். பொறவு சரியாயிரும்" என்றார்.

வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று எஸ்தரிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

மாத்திரை தொடங்கிய ஐந்தாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் வீட்டில் நிச்சயம். என் மாமனார் உயிரோடு இல்லாததால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவனாக நான்தான் எழுந்து பேச வேண்டும். காலையிலேயே பேச்சை எழுதி எழுதிக் கிழித்தேன். பதற்றத்துக்குத்தானே மாத்திரை, இன்னொன்று போட்டால் சிங்கம் மாதிரிப் பேசலாமே என்று எஸ்தருக்குத் தெரியாமல் ஒன்றை விழுங்கிவிட்டு வேனில் ஏறினேன். (சிங்கம் பகலெல்லாம் தூங்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.)

பெண் வீட்டில் மூன்று கிண்ணம் பால்கோவா உள்ளே போனது. போதகர் ஜெபம் தொடங்கினார். தலையைக் குனிந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஜெபசிங் சொல்லிக் கேட்டது.

"ஆமென்" சொல்லி எல்லோரும் நிமிர்ந்தபோது நான் மட்டும் குனிந்தே இருந்தேனாம். "எம்புட்டு பக்தி!" என்று பெண்ணின் அத்தை வியந்தாராம். அப்புறம்தான் குறட்டை கேட்டிருக்கிறது. அப்படியே சரிந்து, பக்கத்திலிருந்த பெண்ணின் அப்பா தோளில் சாய்ந்துவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு.

"காலையிலயே குடிச்சிட்டு வந்திருக்காரோ?" என்றார் அதே அத்தை.

ராணுவத்தில் எதற்கும் அசராத ஜெபசிங்குக்கு முகம் வெளுத்துப் போயிற்று. பெண்ணின் அம்மா மோதிரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தார்.

எஸ்தர் எழுந்து நின்றாள். நாலு பேர் முன்னால் பெயரைக் கேட்டாலே முணுமுணுக்கிறவள் அவள்.

"அவிய குடிக்கல. ஆறு மாசமா தூங்காம கெடந்தாவ. மனசுக்குப் பாக்குற டாக்டர்ட்ட நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அந்த மாத்திரைதான் அசத்துது. இதுக்காக இந்தச் சம்பந்தம் வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க. ஆனா அவியள எழுப்பாதீங்க."

ஏட்டையா தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாராம், என் தலை விழுந்துவிடக் கூடாதே என்று.

"இதுல என்னம்மா இருக்கு? ரிட்டயர் ஆன பொறவு நானும் ரெண்டு வருசம் இதே மாதிரி மாத்திரை சாப்பிட்டேன். வீட்டுல சொல்லத்தான் தைரியம் இல்ல. சுகர் மாத்திரைன்னு சொல்லி வச்சிருந்தேன்."

உள்ளே போன அம்மா தட்டோடு திரும்பி வந்தார். "அட மனுசா! அதுக்கா நான் ரெண்டு வருசம் சீனி இல்லாம காப்பி போட்டுத் தந்தேன்?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்ததாம். அதற்கும் நான் எழுந்திருக்கவில்லை. என் பேச்சையும் எஸ்தரே பேசி முடித்தாள். மோதிரம் மாற்றினார்கள். பந்தி முடியும் நேரத்தில் கண் விழித்து, "நான் எப்பம் பேசணும்?" என்று கேட்டேன்.

அடுத்த வாரம் டாக்டர் முறைத்தார். "மாத்திரைய நான் எழுதுனனா, நீங்க எழுதுனீங்களா?" அதன்பிறகு இரவு ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு மாதத்தில் பகல் மயக்கம் போனது, தூக்கம் தங்கியது. நான் ஒளித்து வைத்ததை எஸ்தர் தலை நிமிர்ந்து சொன்னாள். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் அவளைத்தான் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள்.

ஏட்டையா வீட்டுக் கூடத்தில் அந்த நிச்சயப் படம் தொங்குகிறது. மோதிரம் போட்டுக்கொள்கிறவர்களைவிட, ஓரத்தில் வாய் பிளந்து கிடக்கும் நான்தான் தெளிவாகத் தெரிகிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்டால் அவர் இப்படித்தான் சொல்வார்:

"இது எஸ்தரம்மா பேசுன அன்னைக்கு எடுத்த படம். இந்தா தூங்குதாருல்லா, அவரு அந்தம்மாவோட வீட்டுக்காரரு."